தூக்குகிற உயரம்

லிஃப்ட்காரருக்கு முதுகு போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் அவர்கூட வேலை பார்க்கிறவர்கள் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். பின்னே? மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் அவர் தொழில். எந்தப் பாரமானாலும் மோட்டாரைத் தூக்கச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்கிற வேலை. அதில் எப்படி ஐயா முதுகு போகும் என்று கேட்டார்கள். வேலையில் போகவில்லை. மகளுடைய பள்ளிக்கூட வாசலில் போனது.

மகளுக்குப் பதிமூன்று வயசு. வீட்டில் அவளுக்கு மேடம் என்று பெயர். அவளாகவே சம்பாதித்துக்கொண்ட பட்டம் அது. சின்ன வயசில் ஓடியாடிக்கொண்டிருந்தவள்தான். தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வலு இழந்துகொண்டே போகிற வியாதி வந்தது. மருந்து அதைத் தள்ளிப்போடும், திருப்பாது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்த அன்றிலிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை ஆள ஆரம்பித்தாள். "அப்பா, அந்த புக். அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. அதுக்கும் பக்கத்துல. கண்ணாடி போடுப்பா முதல்ல." கால் தளரத் தளர வாய் வளர்ந்தது என்று அவளைப் பெற்றவளே சொல்வாள்.

வீட்டில் இருந்தது ஒரு குட்டிக் கார். தரையை உரசிக்கொண்டு போகும். தினமும் காலையில் லிஃப்ட்காரர் மகளை நாற்காலியிலிருந்து தூக்கி, குனிந்து, இடுப்பைத் திருப்பி, கதவு இடுக்கு வழியாக உள்ளே நுழைத்து முன் சீட்டில் உட்கார வைக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் அதே சர்க்கஸ் தலைகீழாக நடக்கும். மகள் வளர்ந்தாள், அப்பா வளரவில்லை. ஒருநாள் அந்த வாசலில் குனிந்தவருக்கு இடுப்பில் மளுக்கென்றது. அந்தச் சத்தம் அவருக்கு மட்டும்தான் கேட்டது, விழுந்தது ஊருக்கே தெரிந்தது. எப்படியோ தான் கீழே, மகள் மேலே என்று விழுந்தார். அந்த மட்டும் பிழைத்தார்கள்.

சுற்றிலும் பிள்ளைகளும் பெற்றவர்களும் கூடிவிட்டார்கள். மேடம் அப்பாவின் நெஞ்சு மேல் கிடந்தபடியே, "அப்பா, உனக்கு சர்வீஸ் பண்ணி ரொம்ப நாளாச்சு போல," என்றாள். அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. வலி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சுருக்கமாக முடித்தார். "குனிஞ்சு தூக்கவே கூடாது. நிமிர்ந்து தூக்குங்க, பெல்ட் போட்டுக்கிட்டு. அதுவும் கொஞ்ச நாள் கழிச்சு. இல்லன்னா வீட்டுல ரெண்டு நாற்காலி ஆயிடும்." என்ன ஒரு தேறுதல் பாருங்கள்.

ஆக, குட்டிக் கார் இனி உதவாது. பஸ்ஸில் மூன்று படி. சாய்வுப் பலகை வைத்து, நாற்காலியோடு உள்ளே ஏற்றுகிற வேன் என்று ஒன்று இருக்கிறதாம். சொல்லிச் செய்து வாங்க வேண்டுமாம். அதன் விலையைக் கேட்டதும் லிஃப்ட்காரர் போனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். குனியாமல் தூக்குகிற மாதிரி சீட் கொஞ்சம் உயரமாக இருக்கிற ஒரு வண்டி வேண்டும். குடும்பத்தோடு போகிறதுக்கென்றே விற்கிறார்களே, பெரிசும் இல்லாமல் சிறிசும் இல்லாமல் ஒரு நடுவாந்திர எஸ்யூவி, அந்த ரகம். அது அமைந்தால் மேடம் பள்ளிக்கூடம் போவாள், சிநேகிதி வீட்டுக்குப் போவாள், யாரோடாவது சண்டை போட்டுவிட்டு வருவாள். அமையாவிட்டால் வீடும் ஜன்னலும்தான் அவளுக்கு. விஷயம் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இங்கேதான் நிபுணர் வருகிறார். நிபுணர் என்பது லிஃப்ட்காரருடைய மனைவியின் தம்பி. வங்கியில் கவுண்டரில் உட்கார்கிறவன். சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வைத்திருக்கிறான், அதற்கும் காற்று அடிக்க அக்கா ஞாபகப்படுத்த வேண்டும். ஆனால் கார் வீடியோ ஒன்று விடமாட்டான். உலகத்தில் ஓடுகிற அத்தனை வண்டியும் அவன் விரல் நுனியில் இருந்தது. நல்ல பிள்ளை, அதை மட்டும் சொல்லிவிட வேண்டும். மாமாவுக்கு முதுகு போன மறுநாள் காலையிலேயே வந்து நின்று, குட்டிக் காரில் மருமகளைத் தூக்கி வைத்து ஓட்டிக்கொண்டு போனவன் அவன்தான். வேர்த்து விறுவிறுத்துப் போவான், மூச்சு வாங்கும், இருந்தாலும் ஒருநாள் வராமல் இருந்ததில்லை. லிஃப்ட்காரர் இடுப்பில் பெல்ட்டோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய வேலையை இன்னொருத்தன் செய்வதைப் பார்ப்பது முதுகைவிட அதிகமாக வலித்தது.

"மாமா, ரெண்டே வண்டிதான். மத்ததெல்லாம் வேஸ்ட்," என்றான் நிபுணர். "வெள்ளை ஒண்ணு, நீலம் ஒண்ணு. வெள்ளைல மூணு வரிசை சீட்டு. நீலத்துல கூரை திறக்கும், நட்சத்திரம் பாக்கலாம்."

"நட்சத்திரம் இருக்கட்டும் மாப்ள, சீட்டு தரையிலேர்ந்து எவ்ளோ ஒசரம்?"

நிபுணர் திருதிருவென்று விழித்தான். அதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லியிருக்கவில்லை. குதிரைச் சக்தி சொல்கிறார்கள், எத்தனை இடத்தில் போன் சார்ஜ் போடலாம் என்று சொல்கிறார்கள், ஒரு மனுஷனைத் தூக்கி வைக்க எவ்வளவு உயரம் என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் இல்லை.

முதல் தடவை ஷோரூமுக்கு மேடத்தையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். அவள்தானே உட்காரப் போகிறவள். கண்ணாடி மாளிகை மாதிரி பளபளவென்ற இடம், சனிக்கிழமைக் கூட்டம். ஷோரூம் பெண் நல்ல மாதிரி. "வாங்க மேம்," என்று அவள் குனிந்து வரவேற்றதும், "என் பேரு இங்க வரைக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க," என்று இவள் அலட்டிக்கொண்டாள். அதோடு சிரிப்பு முடிந்தது. நிபுணர் அவளைத் தூக்கி நீல வண்டியில் வைத்தான். தலை கூரையில் ணங்கென்று இடித்தது. வெளியே எடுத்து வெள்ளை வண்டிக்குத் தூக்கினான். அது உயரம். பாதியில் கை தளர்ந்து அவன் தடுமாற, எங்கிருந்தோ ஓடிவந்த ஒரு ஆள், "நான் புடிக்கிறேன் சார், நான் புடிக்கிறேன்," என்று கேட்காமல் கொள்ளாமல் அவள் காலைப் பிடித்துத் தூக்கினான். பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. அம்மா ஓடிவந்து இழுத்துவிட்டாள். காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் காபியை மறந்து பார்த்தார்கள். அதில் ஒரு பெரியவர் 'ச்சொ ச்சொ' என்று உச்சு வேறு கொட்டினார். அந்த வாயில் நாலு போடலாம் போலிருந்தது லிஃப்ட்காரருக்கு.

திரும்பி வரும்போது மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வந்த முதல் பயணம் அதுதான். இனிமேல் இவளை இப்படி ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவதில்லை என்று அப்பா மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டார்.

ஆனால் வண்டியை எடுத்தாக வேண்டுமே. மேடம் தூங்கப் போனதும் புருஷனும் பெண்டாட்டியும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நீல வண்டியின் சீட் கிட்டத்தட்ட நாற்காலி உயரத்துக்கே வருகிறது, அதிகம் தூக்க வேண்டாம், அப்படியே நகர்த்திவிடலாம். ஆனால் பின்பக்க டிக்கியின் விளிம்பு இடுப்புக்கு மேலே நிற்கிறது. நாற்காலியை மடக்கி அதற்குமேல் தூக்கிப் போட வேண்டும். அந்த நாற்காலி என்ன பிரம்பு நாற்காலியா, இரும்புச் சாமான். வெள்ளை வண்டியில் கடைசி வரிசையை மடக்கிவிட்டால் டிக்கி தாழ்வு, ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலியைத் தூக்காமல் உருட்டியே ஏற்றலாம். கதவும் அகலமாகத் திறக்கிறது. ஆனால் முன் சீட் உயரம். மகளை நெஞ்சு வரைக்கும் தூக்கினால்தான் உட்கார வைக்க முடியும்.

"அப்ப என்னங்க சொல்றீங்க? நீலம்னா நாற்காலியத் தூக்கணும், வெள்ளைன்னா புள்ளையத் தூக்கணும். அவ்ளோதானே?" என்றாள் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் அலமாரியில் அடுக்குகிற மாதிரி ஒரே வரியில் அடுக்கிவிடுவாள்.

"அவ்ளோதான்."

"நீங்க ஷிப்டுக்குப் போயிட்டா நாற்காலிய நான்தானே தூக்கணும். என்னால முடியாதே."

"புள்ளைய?"

"அதுவும் முடியாதே," என்றாள். சொல்லிவிட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த மேஜைதான் அது.

எந்தப் புண்ணியவானோ பெரிய ஆபீஸில் உட்கார்ந்து இந்த வண்டிகளையெல்லாம் வரைந்திருக்கிறான். அவன் வரைந்த குடும்பத்தில் எல்லாருக்கும் கால் இருக்கிறது. அவனைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இந்த இடத்தில் லிஃப்ட்காரருடைய தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புது லிஃப்ட் மாட்டி முடித்தால் உடனே ஆளை ஏற்ற மாட்டார்கள். இத்தனை பேர் போகலாம் என்று பலகையில் எழுதியிருப்பதை அவர் நம்பவே மாட்டார். கைப்பிடி வைத்த இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கி, எழுதியிருப்பதற்கு மேலேயும் ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, நடுவில் பிரேக் போட்டுப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மனுஷனை ஏறச் சொல்வார். "ஆளுக்கு முன்னாடி எடை ஏறணும்," என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்திருக்கிறது. ஏதாவது அறுந்தால் இரும்பு விழட்டும், மனுஷன் விழ வேண்டாம். அந்தத் தொழிலில் அதுதான் மனுஷனுக்குக் கொடுக்கிற மரியாதை.

ஆகவே அவர் ஒரு மூட்டை தைத்தார். தடித்த கேன்வாஸ் துணி, உள்ளே மணல், மேடத்தின் எடைக்கு அச்சு அசலாக. சும்மா மூட்டையாக இருந்தால் போதாது என்று நடுவில் கட்டி, மேல்பாதி கனமாகவும் கீழ்ப்பாதி இலேசாகவும் பிரித்து, இடுப்பு மடங்குகிற மாதிரி பண்ணினார். தூக்கிப் பார்த்தார். கேன்வாஸ் கையில் வழுக்கியது. மேடத்தைத் தூக்கும்போது சட்டைத் துணி கைக்கு ஒரு பிடிப்பு கொடுக்கும். அதற்காக அவளுடைய பழைய மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து மாட்டினார். இப்போது சரியாக இருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மூட்டை வாசலைத் தாண்டியிருக்காது. ஆண்பிள்ளைகள் தனியாக யோசித்தால் இப்படித்தான்.

நிபுணரோடு அவர் கொண்டுபோன மூட்டையைப் பார்த்ததும் ஷோரூம் பெண் முதலில் முழித்தாள். விவரம் சொன்னதும் புரிந்துகொண்டு, யாரும் இல்லாத பக்கமாக இரண்டு வண்டியையும் நிறுத்தச் சொன்னாள். டாக்டர் சொன்ன நாள் இன்னும் ஆகவில்லை, இருந்தாலும் லிஃப்ட்காரர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபடியே தூக்கினார். நீலத்தில் மூட்டை சமத்தாக உட்கார்ந்தது. வெள்ளையில் தம் கட்டித்தான் ஏற்ற முடிந்தது. கடைசி இழுப்பில் இடுப்பு சுரீரென்றது. "இன்னும் கொஞ்சம் எடை கம்மியா இருந்தா கண்ண மூடிட்டு வெள்ளைய எடுத்துடலாம் மாப்ள," என்றார் மூச்சு வாங்க. மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொன்னதில்லை. ஒரு மெக்கானிக் இன்னொருத்தனிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

வெள்ளை வண்டி அவர்கள் வீட்டுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தூணுக்கும் சுவருக்கும் நடுவில், கதவை முழுசாகத் திறக்க இடம் கொடுக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. சோதனை ஓட்டம் போகிற சாக்கில் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிடலாம் என்றான் நிபுணர். ஷோரூம் பெண்ணும் பின்னால் ஏறிக்கொண்டாள். கிளப்பியதும் முன் சீட்டில் ஆள் பெல்ட் போடவில்லை என்று வண்டி கீங் கீங் என்று கத்தித் தீர்த்தது. நிபுணர் சிரித்துக்கொண்டே மூட்டைக்குப் பெல்ட் போட்டுவிட்டான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போவோம் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை.

கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தினால், மேடம் அங்கே தயாராக இருக்கிறாள். மேலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அம்மாவை விரட்டி லிஃப்டில் இறங்கி வந்திருக்கிறாள். "எங்க, என் வண்டி எங்க," என்று நாற்காலியை உருட்டிக்கொண்டு நேராக முன் கதவுப் பக்கம் வந்தாள். லிஃப்ட்காரர் இறங்கி ஓடுவதற்குள் நிபுணர் கதவைத் திறந்தேவிட்டான்.

மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பெல்ட் கட்டிக்கொண்டு, மூட்டை அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"இது யாரு?" என்றாள் மேடம்.

"நீதான்!" என்றான் நிபுணர், ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி. "அச்சு அசல் உன் எடை. உங்கப்பா மூளையே மூளை! வெள்ளைதான் எல்லாத்துக்கும் நல்லாருக்கு. உன் எடை மட்டும் இன்னும் கொஞ்சம் கம்மியா இருந்தா கண்ண மூடிட்டு இதையே எடுத்துடலாம்னாரு."

நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது லிஃப்ட்காரருக்கு. யாருடைய நாக்கை? சொன்னவர் இவர்தானே. மனைவி ஸ்வெட்டரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், ஷோரூம் பெண் நிற்கிறாளே என்று வாயை மூடிக்கொண்டாள்.

"உன்னை மறுபடி அந்தக் கூட்டத்துல தூக்கி எறக்கக் கூடாதுன்னுதாம்மா," என்று ஆரம்பித்தார் லிஃப்ட்காரர். "எங்க வேலையில ஆளுக்கு முன்னாடி எடையத்தான்..."

"தெரியும்ப்பா. நீ சொல்லிருக்க." அவள் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீல வண்டிலயும் இதையே வச்சுத்தான் பாத்தியா?"

"ஆமா. அதுல நல்லா போச்சு."

"போகும். இதுக்குத் தலை இல்லையே. எனக்குத்தான் இடிச்சுது."

இருபது வருஷம் எடை வைத்துப் பார்த்த மனுஷன், இரும்புக் கட்டிக்குத் தலை கிடையாது என்பதை அன்றைக்குத்தான் யோசித்தார். மூட்டையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, மகள் பக்கத்தில் குந்தி உட்காரப் போனார், முதுகு விடவில்லை, பாதியில் நின்றார். மேடம்தான் அவர் கையைப் பிடித்து, "விடுப்பா. அது 'மெதுவா, மெதுவா'ன்னு கத்தியிருக்காதுல்ல, அந்த மட்டும் நிம்மதியா இருந்திருக்கும் உனக்கு," என்றாள். வழக்கமான கிண்டல்தான். சிரிப்பு மட்டும் வழக்கமான சிரிப்பாக இல்லை.

அன்றைக்கே மணலைக் கட்டட வேலைக்காரர்களிடம் கொட்டிவிட்டு வந்தார். ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்தாள் மனைவி. அவள் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அப்புறம் யோசிக்க என்ன இருந்தது? நீலத்தில் தலை இடிக்கும், நாற்காலியும் ஏறாது. வெள்ளைக்கே சொல்லிவிட்டார்கள். வண்டி கைக்கு வர இரண்டு மாசம் ஆகும் என்றார்கள். ஆகட்டும், அதற்குள் முதுகைத் தேற்றிக்கொள்ளலாம் என்று லிஃப்ட்காரர் டாக்டர் சொன்ன பயிற்சிகளைப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி செய்தார். தரையில் படுத்து இடுப்பைத் தூக்குவார், இறக்குவார். மேடம் பக்கத்தில் இருந்து எண்ணுவாள். வேண்டுமென்றே தப்பாக எண்ணி, "மறுபடி ஒண்ணுலேர்ந்து," என்பாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றே அவர் நினைத்தார்.

"இவ சரியா சாப்பிடறதே இல்லைங்க," என்றாள் மனைவி ஒருநாள். "கேட்டா ஸ்கூல்ல சாப்ட்டேன்ங்கறா. சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருது."

"பரீட்சை வருதுல்ல. டென்ஷனா இருக்கும்," என்றார் அவர். அவர் அப்போது சீட்டின் பக்கவாட்டில் மாட்டுகிற ஒரு கைப்பிடியைப் பற்றி நிபுணரோடு விசாரித்துக்கொண்டிருந்தார்.

மனைவி பிடித்து உட்கார வைத்துக் கேட்டபோது வயிறு சரியில்லை என்றாள் மேடம். வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள், சமர்த்தாகக் குடித்தாள். வளர்கிற வயசு, உயரம் போடுகிறது, அதனால்தான் முகம் நீண்டு தெரிகிறது என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். நிபுணரோ குட்டிக் காரில் அவளைத் தூக்கி வைத்துவிட்டுப் புஜத்தை மடக்கிக் காட்டுவான். "ஆரம்பத்துல மூச்சு வாங்கும் மாமா, இப்ப பாருங்க, சும்மா அல்வா மாதிரி தூக்கறேன். உடம்பு ஏறிடுச்சு!" கண்ணாடி முன்னால் வேறு நின்று பார்த்துக்கொள்வான். லிஃப்ட்காரரும், "ஆமாடா பயில்வான்," என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்த கையை அப்புறம் அவரே எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டார்.

வண்டி வந்தது. டாக்டர் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, நிமிர்ந்து தூக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். மறுநாள் பள்ளிக்கூடம். நான்தான் தூக்குவேன், வேறு ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது என்று காலையில் எழுந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பரபரப்பு இருந்திருக்காது.

கீழ்த்தளத்தில் வெள்ளை வண்டி கதவைத் திறந்துகொண்டு நின்றது. நிபுணர் போனில் படம் பிடிக்கத் தயாரானான். மனைவி டிக்கிப் பக்கம் நின்றாள், நாற்காலி காலியானதும் உருட்டி ஏற்றுவது அவள் பொறுப்பு. லிஃப்ட்காரர் ஒரு கையை மகளின் முதுகுக்குப் பின்னால் கொடுத்தார், ஒரு கையை முழங்காலுக்கு அடியில் கொடுத்தார். காலை அகட்டி வைத்து, தம் பிடித்து, தனக்குத் தெரிந்த அந்த எடைக்கு உடம்பை முறுக்கிக்கொண்டு தூக்கினார்.

மகள் சட்டென்று மேலே வந்துவிட்டாள். வேகம் மிஞ்சி அவர் ஒரு அடி பின்னால் வைக்க வேண்டியதாயிற்று.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஆஹா, முதுகு தேறிவிட்டது என்று நினைத்தார். அது ஒரு நொடி. எடையோடு வாழ்ந்த கை அது, அதை ஏமாற்ற முடியாது. பின்னால் கொடுத்த கையில் ஸ்கூல் சட்டைக்குள்ளே விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. முழங்காலுக்கு அடியில் கொடுத்த கைக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை. அவளை மேலே ஏந்தியபடி நின்றார். சீட் அவருக்கு நேரே, எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

"பாத்தீங்களா மாமா! நான் அன்னிக்கே சொல்லல? இந்த ஒசரம்தான் கரெக்ட்!" என்று படம் பிடித்துக்கொண்டே கூவினான் நிபுணர்.

"முதுகு வலிக்குதாங்க?" என்றாள் மனைவி.

வலிக்கவில்லை. அதுதானே கொடுமை. திரும்பி வந்த டப்பா, வயிற்றுக்குக் கொடுத்த மருந்து, நீண்டு தெரிந்த முகம், நிபுணர் மடக்கிக் காட்டிய புஜம் எல்லாம் ஒரே நேரத்தில் அவருக்குப் புரிந்தன. இந்த வண்டியில் ஏற்றும்போது அப்பாவுக்கு முதுகு வலிக்கக் கூடாது என்பதற்காக ஒரு குழந்தை தன் பங்கு வேலையைச் செய்திருக்கிறது. யாருக்கும் சொல்லாமல், ஒருநாள் விடாமல். செய்யச் சொன்னது அவர் வாய்.

மேடம் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுப் பக்கம் வந்தாள். முழு மார்க் வாங்கிய பேப்பரை நீட்டும்போது வருகிற அந்த முகம்.

"ஈஸியா இருக்குல்லப்பா?" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

ஆமாம் என்று சொன்னால், பலன் தெரிகிறது என்று நாளைக்கும் தட்டைத் தள்ளிவிடுவாள். இல்லை என்று சொன்னால், இன்னும் போதவில்லை என்று தள்ளிவிடுவாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, லிஃப்ட்காரர் திறந்த கதவுக்கு முன்னால், மகளை உள்ளே வைக்கவும் முடியாமல் கீழே இறக்கவும் முடியாமல் நின்றார்.

"சொல்லுப்பா," என்றாள் மேடம்.